கருப்பட்டிச் சீமையில் மூன்று நாள்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம்மவர்களுக்கு மலைகளின் மீது மோகமும் பிறந்துவிடுகிறது. உதகை என்பார்கள், கொடைக்கானல் என்பார்கள். கையில் சற்றுப் பணம் மிகுந்தவர்கள் துருக்கி தேசத்து மலையூர்களின் படங்களைப் பார்த்துவிட்டு அங்கும் போய் வர ஆசைப்படுகிறார்கள். நன்றாகப் போய் வரட்டும்; குளிர்ச்சி வேண்டாமென்று யார்தான் சொல்வார்கள்? ஆனால் சென்ற கோடையில் நாம் போனது குளிர்ந்த மலைக்கு அன்று. உள்ளங்கால் பொரியும் செம்மணல் நாட்டுக்கு. அந்த நாட்டின் தலைநகரென்று சொல்லத்தக்க சிற்றூர் உடன்குடி.

வேடிக்கை பார்ப்பது மட்டும் நம் நோக்கமன்று. தூத்துக்குடியில் நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியவன், பரீட்சை முடிந்ததும் சொந்த ஊருக்குப் போனான். கல்லூரி மனுக்கள் கொடுக்கும் காலம் வந்தும் திரும்பி வரவில்லை. கடிதத்துக்கும் பதில் இல்லை. உடன்குடியை அடுத்த சிற்றூரில் அவன் தகப்பனார் பனையேறித் தொழில் செய்பவர். "பையனை மரத்தில் ஏற்றிவிட்டார் போலிருக்கிறது, நேரில் போய்ச் சொல்லித்தான் பார்ப்போமே" என்று சக உபாத்தியாயர் ஒருவரையும் மாணவர் ஐவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை அழகிய சாலை. ஆத்தூரில் தாமிரபரணியின் கடைசிப் பசுமை, வெற்றிலைக் கொடிக்கால்கள். அதைத் தாண்டியதும் ஆறுமுகநேரியின் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசுகின்றன. செந்தில் நாதனைத் தரிசித்துவிட்டுப் பரமன்குறிச்சி வழியாக மேற்கும் தெற்குமாகத் திரும்பினால், பசுமை ஒதுங்கிக்கொள்கிறது. மண் சிவக்கிறது. வாழை மறைந்து பனை வருகிறது. ஒன்றிரண்டல்ல; அடிவானம் வரையில் பனை. காற்று வீசும்போது அத்தனை ஓலைகளும் சலசலக்கும் ஓசை, மழை வருகிறதோ என்று மயங்கச் செய்கிறது. மழை வருவதில்லை, ஓசை மட்டும் வருகிறது.

உடன்குடி

உடன்குடி ஒரு பேரூராட்சி. பெரிய கோபுரமோ கோட்டையோ இங்கு இல்லை. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் வியாபார ஊர். கடைத்தெருவில் கால் வைத்ததும் மூக்குக்கு முதலில் எட்டுவது கருப்பட்டியின் மணம். சற்றே கருகிய இனிப்பும் ஓலையின் வாசமும் புகையின் வாசமும் கலந்த மணம் அது. கடைகளில் ஓலைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சிரட்டையில் ஊற்றி எடுத்த அரைக் கோள வடிவக் கருப்பட்டி. சுக்கும் மிளகும் ஏலமும் சேர்த்த சில்லுக் கருப்பட்டி. பளிங்குத் துண்டுகள் போன்ற பனங்கற்கண்டு. தமிழ்நாட்டில் எந்த மூலையிலும் கடைக்காரர், "உடன்குடிச் சரக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேரம் பாதி முடிந்துவிடும். அந்தப் பெயரின் மதிப்பை உணர்ந்து, உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருக்கிறது. இவ்வட்டாரத்தில் செய்யாத சரக்குக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்பது அதன் பொருள்.

இந்தச் சிற்றூருக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். பாரி கம்பெனியாரைச் சேர்ந்த சர்க்கரை ஆலை ஒன்று குலசேகரப்பட்டினத்தில் இருந்தது. கரும்பு விளையாத சீமையில் சர்க்கரை ஆலைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பனங்கருப்பட்டியைக் கொண்டே அங்கே சர்க்கரை செய்தார்கள். அந்த ஆலைக்காகத் திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரையில் ஒரு சிறு ரயில் பாதை போடப்பட்டது. குறுகிய தண்டவாளத்தின் மீது குட்டி வண்டிகள் கருப்பட்டியையும் ஜனங்களையும் சுமந்து தேரிக் காட்டின் ஓரமாக ஓடின. 1940-ஆம் ஆண்டையொட்டி அது நின்று போயிற்று. தண்டவாளங்களையும் பெயர்த்துவிட்டார்கள். இப்பொழுது கருப்பட்டி லாரியில் போகிறது.

விடிலியில் ஒரு வழக்கு

மாலை நான்கு மணிக்கு மாணவனின் ஊரை அடைந்தோம். பனங்காட்டின் நடுவே ஓலை வேய்ந்த ஒரு குடிசை, புகை எழுந்துகொண்டிருந்தது. பதநீர் காய்ச்சும் இந்தக் குடிசைக்கு இவ்வட்டாரத்தில் விடிலி என்று பெயர். பருவ காலம் முழுவதும் குடும்பமே இங்கு வந்துவிடுகிறது.

தகப்பனார் அப்பொழுதுதான் ஒரு மரத்திலிருந்து இறங்கினார். காலில் தளைநார், இடையில் அரிவாள் பெட்டி, தோளில் முருக்குத் தடி. ஐம்பது வயதிருக்கும். மார்பும் முன்கையும் பனையின் பட்டையைப் போலவே சொரசொரத்துக் காய்த்திருந்தன. நம்மைக் கண்டதும் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு வணங்கினார். நாம் நம் தூதை எப்படித் தொடங்குவது என்று யோசிக்குமுன் அவரே தொடங்கிவிட்டார்.

"வாங்கய்யா. நீங்களாவது இந்தப் பயலுக்குப் புத்தி சொல்லுங்க. காலேஜுக்குப் போவ மாட்டேங்கான். மரம் ஏறப் போறானாம்!"

நாம் திகைத்துப் போனோம். தகப்பனை இணங்க வைக்க வந்த நமக்கு, தகப்பனே கட்சிக்காரராகக் காத்திருந்தார். பிள்ளையோ அடுப்புக்கு ஓலையும் மட்டையும் தள்ளிக்கொண்டு தலை குனிந்திருந்தான். கேட்டதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சார், போன அக்டோபர் 2-ஆம் தேதி பள்ளிக்கூடத்துக் கூட்டத்திலே நீங்கதானே சொன்னீங்க, கிராமத் தொழில் செத்தால் தேசம் செத்ததுன்னு? அப்பாவுக்கு முழங்கால் போயிட்டு. நானும் போயிட்டா இந்த முப்பத்தஞ்சு மரத்தையும் யார் பார்ப்பா?"

மேடையில் நாம் வீசிய சொல் நம் முகத்திலேயே வந்து விழுந்தது. உடன் வந்த மாணவர்கள் நம்மையே பார்த்தார்கள். காந்தியடிகள் 1934-இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவியதும், பனைவெல்லத்தை ஏழையின் சர்க்கரையாக அச்சங்கம் ஆதரித்ததும் நாம் ஆண்டுதோறும் சொல்லி வரும் பாடம். அதைச் சொல்லும்போதெல்லாம் முழங்கால் என்ற ஒன்று இருப்பது நம் நினைவுக்கு வந்ததில்லை. "இரண்டு நாள் இங்கேதான் இருப்போம். போகும்போது பேசுவோம்" என்று சொல்லி வழக்கை ஒத்தி வைத்தோம். உண்மையைச் சொன்னால், தீர்ப்பு நம்மிடம் இல்லை.

அன்று இரவு கருப்பட்டி காய்ச்சுவதைக் கூட இருந்து கண்டோம். வாசகர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும். பனையின் பாளையைக் கடிப்பு என்னும் கருவியால் இதமாக நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிசாகச் சீவி வந்தால் அதிலிருந்து சாறு சொட்டும். அதைத் தாங்கும் மண் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். இருந்தால் இனிய பதநீராக நிற்கும். காலையில் ஏறிப் பதநீரை இறக்க வேண்டும். மாலையில் ஏறிப் பாளை சீவ வேண்டும். முப்பத்தைந்து மரமென்றால் ஒரு நாளில் எழுபது தடவை ஏறி எழுபது தடவை இறங்க வேண்டும். நம் மாணவர்களில் கணக்கில் வல்ல ஒருவன் ஒரு மரம் நாற்பதடி என்று வைத்துப் பெருக்கிப் பார்த்து, "ஏற்றம் மட்டும் 2,800 அடி, சார்!" என்றான். மலையூருக்குப் போகவில்லையே என்று நாம் குறைப்பட வேண்டியதில்லை. இங்கே ஒரு மனிதர் நாள்தோறும் ஒரு மலை ஏறுகிறார்.

இறக்கிய பதநீரை வடிகட்டி அகன்ற பாத்திரத்தில் ஊற்றி மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியப் பார்க்கும்போது, இடித்த ஆமணக்கு விதையைச் சிறிதளவு தூவினால் பொங்கல் அடங்குகிறது. சாறு பொன்னிறமாகிப் பிறகு சிவந்து, கூப்பனி என்னும் பாகாகிறது. பதம் வந்ததா என்பதை அம்மாள் கரண்டியிலிருந்து ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். பிறகு பாத்திரத்தை இறக்கி வைத்து, துடுப்பால் விடாமல் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றினார். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி. பத்து லிட்டர் பதநீர் காய்ந்து ஒடுங்கினால் ஒரு கிலோவும் சற்று மேலுமே தேறும். இதே கூப்பனியைக் கலயங்களில் ஊற்றிப் பல வாரங்கள் அசைக்காமல் வைத்திருந்தால் அது பனங்கற்கண்டாக விளைகிறது.

பேச்சு வாக்கில் நாம், "எங்கள் வீட்டில் வாங்கும் கருப்பட்டி வெகு உயர்ந்தது, ஐப்பசி மழையிலும் இளகாது, கல் மாதிரி இருக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டோம். அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அது சீனிக் கருப்பட்டிங்கய்யா. நெசமான கருப்பட்டி மழைக் காத்துப் பட்டா வேர்க்கும், இளகும். அதுக்காகத்தான் அடுப்புக்கு மேலே பரண்லே புகையிலே வைக்கோம். சீனி போட்டதுதான் கல்லு மாதிரி நிக்கும்."

ஆலைச் சர்க்கரையைக் கரைத்துப் பெயருக்குச் சற்றுப் பதநீரோ கழிவுப் பாகோ சேர்த்து ஊற்றிய சரக்கு எங்கும் மலிந்துவிட்டதாம். அது மலிவு, பளபளப்பு, மழைக்கும் அசையாது. நல்ல கருப்பட்டி அதற்குப் பக்கத்தில் விலை கூடியதாகவும் நிறம் மங்கியதாகவும் நிற்கிறது. பட்டணத்து வீட்டார் விலையைக் கேட்டு முகம் சுளித்து மலிவையே எடுத்துப் போகிறார்கள். அப்படி எடுத்துப் போனவர்களில் நாமும் ஒருவர் என்பது அந்த அடுப்பங்கரையில் நமக்கு விளங்கிற்று.

தேரி

மறு நாள் விடியலில் தேரி பார்க்கச் சென்றோம். குதிரைமொழித் தேரி என்பது இவ்வட்டாரத்தின் பெரிய விந்தை. ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் குங்குமத்தைக் கொட்டிக் குவித்தாற்போல் செம்மணற் குன்றுகள். மணலின் ஒவ்வொரு பருக்கையின் மீதும் இரும்புச் சத்தின் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். மேற்கு மலைகளின் கணவாய்களின் வழியே வீசும் ஆனி, ஆடிக் காற்று, உலர்ந்த செம்மண்ணை வாரி வந்து கடற்கரை ஓரத்தில் குவித்தது என்பர். முன்னாளில் இந்த மணல் இடம் விட்டு இடம் நகர்ந்து தோட்டங்களையும் வீடுகளையும் மூடியதுண்டு. பனையும் உடைமரமும் முந்திரியும் நட்டுத்தான் அதை ஒருவாறு அடக்கி நிறுத்தினார்கள். பனை இங்கே சோறு போடும் மரம் மட்டுமன்று. ஊரை மண் விழுங்காமல் காக்கும் மரமும் அதுதான்.

இந்த மணலின் வயது நம் சரித்திரப் புத்தகங்களுக்கு எட்டாதது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியல் அறிஞர் தேரிகளில் சின்னஞ்சிறு கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். பின்னர் ஸாய்னர், ஆல்ச்சின் என்னும் இரு அறிஞர்கள் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய தேரி நிலங்களை ஆராய்ந்து 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விரல் நகமளவே உள்ள அம்பு முனைகளும் சுரண்டிகளும் ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அவர்கள் கணித்தார்கள். கோட்டை கட்டிய மன்னர் எவருக்கும் முன்னால், மீன் பிடித்தும் வேட்டையாடியும் இங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

தேரிக்குள் தண்ணீர் இருக்கிறது என்பது மற்றொரு விந்தை. பெய்யும் மழையெல்லாம் மணல் குடித்துவிட்டுப் பள்ளமான இடங்களில் சுனையாகக் கக்குகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அத்தகைய சுனையை ஒட்டியே அமைந்தது. சுற்றிலும் செந்தழல் போன்ற மணல். நடுவே நிழல் மரங்களும் குளிர்ந்த நீரும். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே மார்கழி பிறக்கும் தறுவாயில் கள்ளர் வெட்டு என்ற திருவிழாவில் இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் சிந்திய செம்மணலை ஜனங்கள் முண்டியடித்து அள்ளிப் போய் வீட்டிலும் வயலிலும் இடுகிறார்கள். ஒன்றும் விளையாது என்று பிறர் ஒதுக்கிய மண்ணை, இவர்கள் திருநீற்றைப் போல மடியில் முடிந்துகொள்கிறார்கள்.

திரும்பும் வழியில் மெய்ஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுல் ஆலயத்தைப் பார்த்தோம். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் என்ற பாதிரியார் இம்மணற்காட்டில் தங்கி எழுப்பியது. 1847-இல் பிரதிஷ்டையான அந்த ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். பனைகளுக்கு மேலே பனை வளர்ந்தாற்போல் பல மைல் தூரத்துக்குத் தெரிகிறது.

கடற்கரை

பிற்பகலில் கிழக்கே திரும்பினோம். உடன்குடிக்கு மூன்று மைல் தூரத்தில் குலசேகரப்பட்டினம். பாண்டியன் குலசேகரன் பெயரால் அமைந்தது என்பர். இன்று இவ்வூரை நாடறியச் செய்திருப்பவள் முத்தாரம்மன். தசராவுக்கு லட்சக்கணக்கில் கூடும் பக்தர்கள் விரதமிருந்து, காளியாகவும் ராஜாவாகவும் குறவனாகவும் குரங்காகவும் பிச்சைக்காரராகவும் வேஷம் தரித்து, வீடு வீடாகக் காணிக்கை பெற்று அம்மன் சந்நிதியில் சேர்ப்பார்கள். வசதியுள்ளவரும் அன்று பிச்சை எடுத்தே ஆக வேண்டும். விஜயதசமி இரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். முன்னொரு புரட்டாசியில் நாம் இதைக் கண்டிருக்கிறோம். வேஷத்தைக் கலைத்துவிட்டு மறு நாள் காலையில் அவரவர் பஸ் ஏறும்போது, யார் கூலிக்காரர், யார் முதலாளி என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு பொழுது வாய்க்கும். அதற்காகவே போய்ப் பார்க்கலாம்.

இவ்வூரின் உப்பளம் தேச சரித்திரத்திலும் இடம் பெற்றது. 1942-இல், 'வெள்ளையனே வெளியேறு' என்ற கிளர்ச்சி நாடெங்கும் மூண்டிருந்த செப்டம்பர் மாதத்தில், இவ்வட்டாரத்து இளைஞர்கள் உப்பளத்தைத் தாக்கினார்கள். அப்போது நடந்த மோதலில் லோன் என்ற உப்பு இலாகா உத்தியோகஸ்தர் உயிரிழந்தார். குலசேகரப்பட்டினம் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, அவர்கள் விடுதலையும் அடைந்தனர். கையிலே உப்பை அள்ளிய தலைமுறைக்கும், கழுத்திலே கயிற்றை எதிர்பார்த்த தலைமுறைக்கும் இடையே பன்னிரண்டே ஆண்டுகள். இதைச் சொல்லும்போது நம் மாணவர்கள் உப்புக் காற்றில் அசையாமல் நின்றார்கள்.

இப்பொழுது அதே கரை வானத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி குலசேகரப்பட்டினத்துக்காக அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென் திசையில் ஏவப்படும் ராக்கெட், இலங்கைத் தீவின் மீது பறக்காமல் வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. இங்கிருந்து நேர் தெற்கே வெறும் கடல். சிறு ராக்கெட்டுகளுக்கு இது பெரிய அனுகூலம். பக்கத்தில் கல்லாமொழிக் கரையில் இரண்டு 660 மெகாவாட் இயந்திரங்களுக்காக அமைந்த அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. மரம் ஏறுகிறவரின் பிள்ளைகளுக்கு இவற்றில் எத்தனை வேலை கிடைக்கும் என்பதே இவ்வூரார் கேட்கும் கேள்வி.

சூரியன் சாயும் வேளையில் மணப்பாட்டை அடைந்தோம். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு பரதவர் ஊர்களில் ஒன்று. கருமேனியாறு கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு மணற்குன்று கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கிறது. அதன் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிய போர்த்துக்கேயக் கப்பல் ஒன்றின் தலைவன், கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்தால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, அவ்வண்ணமே 1540-இல் நாட்டினான் என்பது இவ்வூர் வழங்கும் வரலாறு. 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, குன்றின் கடற்பக்கச் சரிவில் இருக்கிறது. அதில் ஒரு சிறு கிணறு. அலை தெறிக்கும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்பில்லை. செப்டம்பர் 14-ஆம் தேதித் திருவிழாவுக்குத் தொலை தூரத்து ஜனங்களும் வருகிறார்கள். குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் பிறை போல் வளைந்த கடற்கரை. மறு பக்கம் ஆற்றின் உப்பங்கழி. மேற்கே முடிவில்லாத பனங்காடு. ஊருக்குள் பெண்கள் திண்ணையில் அமர்ந்து குருத்தோலையால் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். கடலூராயினும் இங்கும் பனையே கை கொடுக்கிறது.

தீர்ப்பு

மூன்றாம் நாள் விடியுமுன் விடிலிக்குச் சென்றோம். தகப்பனார் அப்போது நான்காவது மரத்தில் இருந்தார். இறங்கும்போது ஒவ்வொரு முறையும் வலது காலை ஊன்றத் தயங்குவது தெரிந்தது. அடியில் பிள்ளை, கலயத்தை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவன் பார்வை மேலே இருந்த கலயத்தில் இல்லை; தகப்பனாரின் முழங்காலில் இருந்தது.

இறங்கி வந்த தகப்பனார் முருக்குத் தடியின் மேல் அமர்ந்தார். "எங்க அப்பா, அவுக அப்பா எல்லாரும் ஏறினவங்கதான். ரெண்டு பேரு விழுந்திருக்காங்க. மரம் ஏறுறவனுக்குப் பொண்ணு கொடுக்க இப்ப யாரும் வரல்லேய்யா. இது என்னோட போட்டும்" என்றார்.

பையன் நம்மைப் பார்த்தான். இரண்டு நாளாக யோசித்ததை அவனிடம் சொன்னோம்.

"தம்பி, நாங்கள் கூட்டத்தில் சொன்னது பொய்யன்று, ஆனால் பாதிதான். தொழில் பிழைக்க ஏறுகிறவன் மட்டும் போதாது. நியாயமான விலை கொடுத்து வாங்குகிறவனும் வேண்டும். ஏறுகிறவனைத் தேடி நாங்கள் உன் வீடு வரை வந்தோம். வாங்குகிறவனைத் தேடி எங்கள் வீட்டுக்குள்ளேயே நாங்கள் போனதில்லை. உன்னை மரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கை தட்டுவது எங்களுக்கு நியாயமன்று. நீ படி. படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு ஏதேனும் செய்ய முடிந்தால் செய். முடியாவிட்டாலும் குற்றமில்லை."

"அப்ப மரம், சார்?" என்றான்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. பதில் சொன்னவர் தகப்பனார்தான். "மரம் நூறு வருஷம் நிக்கும்லே. அது காத்துக் கெடக்கும். வயசு காத்துக் கெடக்காது."

பனை 1978-இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. கலெக்டரின் அனுமதியின்றி அதை வெட்டலாகாது என்று 2021-இல் அரசாங்கம் அறிவித்தது. ஏறுவதற்குக் கருவிகள் செய்து பார்க்கிறார்கள்; இன்னும் அவை ஊரெங்கும் பரவவில்லை. மரத்தைக் காப்பதற்கு இத்தனை ஏற்பாடு உண்டு. மரத்தில் ஏறுகிறவரைக் காப்பதற்கு நம் வீட்டு அடுக்களையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் கருப்பட்டியை உடைக்கச் சொல்லிப் பாருங்கள். உட்புறம் சீனிப் படிகம் போல் மினுமினுக்காமல் மங்கலாக இருக்கிறதா, நாவில் இனிப்போடு இலேசான உப்புச் சுவை தட்டுகிறதா என்று பாருங்கள். இருந்தால், விலையைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அந்த விலையில் ஒரு மனிதரின் எழுபது ஏற்றம் அடங்கியிருக்கிறது.

அம்மாள் ஓர் ஓலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி கட்டிக் கொடுத்தார். பணம் வேண்டாமென்றார், கடை விலையைக் கணக்கிட்டு வற்புறுத்திக் கொடுத்தோம். அந்த விஷயத்தில் மட்டும் பிள்ளை நம் கட்சியில் நின்றான்.

பையன் அந்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்தான். முப்பத்தைந்து மரங்களில் பதினைந்தைத் தகப்பனார் இன்னொருவருக்குப் பாட்டத்துக்கு விட்டார். ஏழெட்டு மரம் தாமே ஏறுகிறார். மற்றவற்றில் பாளை வந்து, சீவுவாரின்றி நுங்காகிப் பழமாகி உதிர்ந்ததாகப் பையன் எழுதியிருந்தான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் காலை நம் வீட்டு அம்மாள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டு, "உங்கள் உடன்குடிக் கருப்பட்டி வேர்த்து இளகிவிட்டதே, கெட்டுவிட்டதா?" என்று கவலையோடு கேட்டார். கெடவில்லை என்று சொல்லி, பெட்டியை எடுத்து அடுப்புக்கு மேலே பரணில் வைத்தோம்.